நிற்பது என் வேலை

கிட்ட வந்து உட்கார் பவுனு, இன்னும் நெருங்கி, முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி. இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. நாங்கள் ஒவ்வொரு ஊருக்கும் போய்த் திரும்பினதும் பக்கத்து வீட்டிலிருந்து காபி டம்ளரோடு வந்து, "யக்கா, மொதல்லருந்து சொல்லு, ஒண்ணையும் வுடாத" என்று தொப்பென்று உட்காருவாயே, அதே மாதிரி வந்துவிடு. நீ சங்கராபுரத்தில் இருக்கிறாய், நான் மியூனிக்கில், பூமிக்கு அடியில் ரயில் ஓடுகிற ஒரு பிளாட்பாரத்தில் தனியாக நிற்கிறேன், இருக்கட்டுமே, மனசுக்குள் வந்து உட்காருவதற்கு விசாவா வேண்டும். உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் இந்த ஜனங்களுக்கு நடுவே நான் வாய்விட்டு அலறாமல் இருப்பேன். நடந்தது இதுதான். ரயில் என் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது, என்னை விட்டுவிட்டது. மகள் வாணி காலையில் ஆபீசுக்குப் போனதும் நானும் அவருமாக ஆற்றங்கரைக்குப் போய் வாத்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம், நாலே நாலு ஸ்டேஷன், மூன்று தரம் போய் வந்த வழிதான். ரயில் வந்து நின்றது. உள்ளே பத்துப் பேர்கூட இல்லை பவுனு, சீட்டெல்லாம் காலி. ஆனால் அவருக்கு அது கண்ணில் படவில்லையே, கதவு திறந்ததும் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு பாய்ந்தார், சேலம் பஸ்ஸில் இடம் பிடிக்கப் பாய்கிற மாதிரி. "பச்ச, ஓடியா, ஓடியா" என்று என் பேரைக் கூவிக்கொண்டே ஒரு சீட்டில் துண்டை விரிக்கிறார். நான் இந்த வாணியின் கோட்டு தடுக்க, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அடி எடுத்து வைக்கிறேன், கதவு மூடிக்கொண்டது. இங்கே கண்டக்டர் இல்லை, கதவைத் தட்டினால் நிறுத்த ஒரு மனுஷன் இல்லை. கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. துண்டைச் சரியாக விரித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை. மேலே தொங்குகிற கடிகாரத்தில் அப்போது மணி பதினொன்று இருபது.

முதல் பத்து நிமிஷம் எனக்குப் பயமே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆரஞ்சு நிறச் சுவருக்கு நேராக, கதவு என்னை விட்டுவிட்டுப் போன அதே இடத்தில் நின்றேன். நிற்பது என் வேலை. நாற்பத்தாறு வருஷமாக அதுதான் என் வேலை. கல்வராயன் மலையில் சர்வே கேம்ப்பில் இருந்தபோது போட்ட சட்டம் அது. உனக்கு அந்தக் கதை தெரியும், ஆனாலும் கேள், அவர் அப்போது சர்வே ஆபீசில் செயின் பிடிக்கிற ஆள், காட்டை அளக்க மாசக்கணக்கில் கூடாரம் போட்டுக் கிடப்பார்கள், பெண்டாட்டியைக் கூட்டி வரக் கூடாது என்று உத்தரவு. இந்த மனுஷன் என்ன செய்தார், கல்யாணம் ஆகி இருபதாவது நாள் என்னை மலைக்கு ஏற்றிக்கொண்டு போய், "சமையலுக்கு ஆள் கிடைச்சிருக்கு சார்" என்று ஆபீசர் முன்னால் நிறுத்திவிட்டார். கழுத்தில் தாலி புது மஞ்சள் மாறாமல் இருக்கிறது, நான் முந்தானையால் மூடிக்கொண்டு நிற்கிறேன். ஒரு மாசம் ஓடிற்று. ஒரு நாள் அவர் மழையில் நனைந்த சட்டையோடு அடுப்புப் பக்கம் வந்ததற்கு நான் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். ஆபீசர் கூடாரத்துக்குள்ளிருந்து, "தனக்கோடி, சமையல்காரி யாரும் இந்தத் திட்டு திட்ட மாட்டாய்யா, இது கட்டிக்கிட்டவ திட்டு" என்றார். சிரிப்பாய்ச் சிரித்தார்கள், அப்புறம் என்னைக் கேம்ப்பிலேயே இருக்க விட்டுவிட்டார்கள். அந்த மலையில்தான் விறகு பொறுக்கப் போனவள் வழி தப்பினேன். பகல் பூரா நடந்தேன், எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி மரம், கரடி இருக்கிற காடு, நான் நடக்க நடக்க அவர் என் தடத்தையே பார்த்துக்கொண்டு என் பின்னாலேயே சுற்றி வந்திருக்கிறார். பிடித்ததும் அறைவார் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இத பாரு புள்ள, ரெண்டு பேரும் தேடினா ரெண்டு பேரும் தொலைஞ்சோம். தப்பிட்டேன்னு தெரிஞ்ச உடனே நின்ன எடத்துலயே நில்லு. தேடறது என் வேலை, நிக்கறது உன் வேலை." அவ்வளவுதான். தாலிக்கு அப்புறம் எங்களுக்குள் ஆன ஒப்பந்தம் அது ஒன்றுதான்.

காற்று வருகிறது. ரயில் வருவதற்கு முன்னால் குகைக்குள்ளிருந்து ஒரு காற்று வரும் பவுனு, இரும்பு வாசனையோடு, புடவையைப் பின்னால் தள்ளும். இந்தப் பிளாட்பாரம் நடுவில் இருக்கிறது, இந்தப் பக்கம் போகிற ரயில், அந்தப் பக்கம் வருகிற ரயில். அவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர் வண்டி பிடித்து, அந்தப் பக்கம் வந்து இறங்க வேண்டும். இதோ வந்துவிட்டது, கதவு திறக்கிறது, ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு நாய், இரண்டு பையன்கள், ஒரு கிழவர், இல்லை, அவர் இல்லை, இவர் வெள்ளைக்காரர், நடைதான் அப்படி. மூடிக்கொண்டது. இது ஐந்தாவது. எப்போதும் பின்னாலிருந்துதான் வருவார், அதனால் முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு முதுகால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காசியில் அப்படித்தான் வந்தார். கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு சந்தில் போட்டது, பூ விற்கிறவள் பக்கத்தில் நாலு மணி நேரம் நின்றேன், அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது, கடைசியில் அவளுக்கு நான் சாமந்தி கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், தொண்டை கட்டிப்போய், "என்னா புள்ள, இங்கயே குடித்தனம் வெச்சிட்டியா?" மலேசியாவில் முருகன் கோயில் படிக்கட்டுக்குக் கீழே, கையிலிருந்த தேங்காயைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போக, நான் நகராமல் நின்றேன். காட்மாண்டுவில் பனியில் நின்றேன். கொழும்பு பஸ் ஸ்டாண்டில், ராமேஸ்வரத்தில், டெல்லியில். இதோடு ஏழு தரம். முந்தின ஆறு தரமும் வந்தார். அவர் கெட்டிக்காரர் பவுனு, எட்டாவது வரை படித்தவர்தான், ஆனால் ஒரு தரம் நடந்த தெருவை மறக்க மாட்டார், எந்த ஊரிலும் வெயில் விழுகிற பக்கத்தைப் பார்த்தே வடக்கு தெற்கு சொல்வார். நான் தமிழையே விரல் வைத்துப் படிக்கிறவள். இங்கே ஸ்டேஷனுக்கெல்லாம் சுவரின் நிறத்தைப் பார்த்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறேன், ஆரஞ்சு, நீலம், சாம்பல், பிறகு வாணி வீட்டு ஸ்டேஷன், அங்கே தூணெல்லாம் பச்சை. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, உன் பேருக்கே டேசன் கட்டி வெச்சிருக்கான்" என்றார். சிரித்தேன். மறுநாளும் அதையே சொன்னார், முதல் தரம் சொல்கிற மாதிரி. அன்றைக்கும் சிரித்தேன். மூன்றாவது நாளும் சொன்னார்.

இதைத்தான் உன்னிடம்கூடச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. ரேஷன் கடைக்குப் போனவர் பையோடு திரும்பி வந்து, "கடையை எடம் மாத்திட்டாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். ஏன் ஆமாம் என்றேன்? அவர் முகத்தில் ஒரு பயம் வந்தது, மழைக்காலத்தில் கூடாரத்து முளை பிடுங்கிக்கொள்கிறபோது வருகிற பயம் மாதிரி, அதைப் பார்க்க முடியாமல் ஆமாம் என்றேன், வாங்க நானும் வரேன் என்று முன்னால் நடந்தேன். அன்றிலிருந்து நான் முன்னால், அவர் பின்னால். என் பையின் வாரை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு வருவார். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, கிழவன் கிழவி அன்யோன்யம் என்று நினைப்பார்கள். போன வாரம் வாணி வீட்டில் காலையில் எழுந்து ஜன்னலைப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்: "பச்ச, இது எந்த கேம்ப்பு?" என் வாய் உடனே சொல்கிறது, "மியூனிக் கேம்ப்புங்க, ஆபீசர் உங்க பொண்ணு, எழுந்து பல்லு வெளக்குங்க." சிரித்துவிட்டார். வாணி அடுப்பு மேடையிலிருந்து, "என்னம்மா ஜோக்கு?" என்றாள். ஒண்ணுமில்லடி என்றேன். சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் டாக்டர் என்பாள், தலைக்குள்ளே போட்டோ எடுக்கணும் என்பாள், அப்பா இனிமே எங்கயும் போகக் கூடாது என்பாள். எங்கேயும் போகாத தனக்கோடியை எனக்குத் தெரியாது பவுனு. அவர் நடந்துகொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று ஒரு கிறுக்கு நம்பிக்கை எனக்கு. மூடி மறைத்தேன். அவர் கேட்கிறதற்கெல்லாம் நான் பதிலை முன்னாலேயே எடுத்து வைத்தேன், அவர் கொட்டினதை யாரும் பார்க்குமுன் துடைத்தேன், வாணி கண்ணுக்கு இன்னும் அப்பா கெட்டிக்காரர். அதனால்தானே வீட்டு விலாசம் எழுதின சீட்டையும் போனையும் அவர் சட்டைப் பையில் வைத்தாள். வீட்டுச் சாவி மட்டும் என்னிடம். அவளுடைய நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. எனக்கு எதற்கு நம்பர், நான் நிற்கிறவள்தானே.

ஏழாவது ரயில். இல்லை. மணி பதினொன்று ஐம்பத்தைந்து. கால் மரத்துப்போகிறது, ஒன்றுக்கு வருகிறது, அடக்கிக்கொண்டு நிற்கிறேன். தரை துடைக்கிற வண்டியை ஓட்டிக்கொண்டு ஒருத்தி என்னைச் சுற்றிக்கொண்டு போகிறாள், நான் நிற்கிற இடம் மட்டும் வட்டமாக ஈரமில்லாமல் இருக்கிறது. நீலச் சட்டை போட்ட ஒரு ஆள், இடுப்பில் என்னென்னவோ தொங்குகிறது, இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து ஏதோ கேட்டான், பிறகு "ஓக்கே?" என்றான். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும். இல்லை என்று தலையாட்டியிருக்க வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்க வேண்டும், அழுகைக்குப் பாஷை எதற்கு. என் தலை என்னைக் கேட்காமலே ஆடிற்று, "ஓக்கே, ஓக்கே" என்கிறேன், பல்லைக் காட்டிச் சிரிக்கிறேன். அவன் போய்விட்டான். பழக்கம் பவுனு, மறைக்கிற பழக்கம், ஆறு மாசத்தில் அது என் கழுத்தெலும்பு வரைக்கும் போய்விட்டது. இப்போது அவனைக் காணோம், படிக்கட்டு ஏறிப் போயிருப்பான், பின்னாலேயே ஓடலாம், ஓடினால் இந்த இடம் காலியாகும், அந்த நேரம் பார்த்து அவர் வந்து இறங்கி, நான் இல்லாத இடத்தைப் பார்த்தால்? காலையில் ஒரு வார்த்தை விட்டேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டே, வாணி எப்ப வருவா என்று மூன்றாம் தரம் கேட்டார். "ஒங்க தலையில என்னா களிமண்ணா ரொப்பி வெச்சிருக்கு?" என்றேன். சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், "இருந்தா நல்லதுதான் புள்ள, ஏதாவது மொளைக்கும்" என்றார். ஆனால் அடுத்த இட்லியைத் தொடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பையைத் தேடி எடுத்து, வாரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார், நான் செருப்பு மாட்டுகிற வரைக்கும். காலியான சீட்டுக்கு ஏன் அப்படிப் பாய்ந்தார் என்று இப்போது தெரிகிறது. எனக்கு ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் அவருக்கு. நான் இன்னும் உனக்கு இடம் பிடிக்கிற ஆள்தான் என்று காட்ட வேண்டும்.

இடம் பிடிக்கிற ஆள். ஐயோ. ஐயோ பவுனு, இவ்வளவு நேரம் நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றல்லவா நினைத்தேன். கதவு மூடினது அவருக்குத் தெரியுமா? நான் ஏறவில்லை என்று தெரியுமா? தெரிந்தாலும் அது அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் அவர் மண்டையில் தங்குமா? அவர் உட்கார்ந்திருப்பார், பக்கத்து சீட்டில் துண்டு கிடக்கும், யாராவது வந்தால் கையை நீட்டி, "ஆள் வருது, ஆள் வருது" என்பார். நீலம் வரும், சாம்பல் வரும், பச்சை வரும், இறங்க மாட்டார், நான் இன்னும் வரவில்லையே. ஜனமெல்லாம் இறங்கும். கடைசி ஸ்டேஷனில் விளக்கை அணைத்து வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளுவார்கள், அங்கேயும் துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தேடுகிற வேலை அவருடையது என்று சொன்ன தலையே அதை மறந்திருந்தால், நான் இங்கே தூண் மாதிரி நிற்பதில் என்ன இருக்கிறது, யாருக்குப் பத்தினித்தனம் காட்டுகிறேன்? ஆறு மாசமாக முன்னால் நடக்கிறவள் யார்? நான். அப்படியானால் தேடுகிறவள் யார்? எட்டாவது ரயில் எதிர்ப்பக்கம் வந்தது, கழுத்து வலிக்கப் பார்த்தேன், இல்லை. ஒன்பதாவது. இல்லை. இந்தப் பக்கத்துக் காற்று வருகிறது, அவரை அள்ளிக்கொண்டு போன பக்கம். நான் நகர்ந்தால் ஏழு ஊரில் நின்ற நிலையெல்லாம் போயிற்று. நகராவிட்டால் அவர் போனார். கதவு திறந்தது. என் கால் எழவில்லை பவுனு, அந்த ஈரமில்லாத வட்டத்திலிருந்து கால் எழவே இல்லை. வலது காலை என் கையால் புடவையோடு சேர்த்துத் தூக்கி வைத்த மாதிரி வைத்தேன். அப்புறம் இடது. கதவு மூடிற்று. பிளாட்பாரத்தில் நான் நின்ற இடம், யாரும் இல்லாமல், பின்னால் போயிற்று.

இரண்டு நிமிஷம்தான் அடுத்த ஸ்டேஷனுக்கு. அந்த இரண்டு நிமிஷத்தில் தப்பு தப்பு தப்பு என்று சக்கரம் சொல்லிற்று. பெட்டியில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஜன்னலையும் மாறி மாறிப் பார்க்கிறேன். இருட்டு, இருட்டு, பிறகு நீலச் சுவர். வண்டி நிற்குமுன்னே பார்த்துவிட்டேன். பிளாட்பாரத்துக்கு அந்தப் பக்கம் எதிர் வண்டி நிற்கிறது, நான் விட்டு வந்த இடத்துக்குப் போகிற வண்டி, அதற்குள், கதவை ஒட்டி, மேலே இருக்கிற ரூட் படத்தில் விரலை வைத்து ஒவ்வொரு புள்ளியாக எண்ணிக்கொண்டு நிற்கிறது யார் தெரியுமா. வந்துகொண்டிருக்கிறார் பவுனு. எங்கே போய்விட்டு, எத்தனை ஸ்டேஷன் தாண்டி, யாரைக் கேட்டுத் திரும்பினாரோ, என்னிடம் வந்துகொண்டிருக்கிறார். நான்தான் நம்பவில்லை. நான்தான் நிற்கவில்லை. என் கதவு திறந்தது, ஓடினேன், இந்த வயசில் செருப்பு ஒன்று கழன்று விழ ஓடினேன், "என்னங்க, என்னங்க" என்று, அந்தப் பக்கத்துக் கதவு என் மூக்குக்கு முன்னால் மூடிக்கொண்டது. கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தேன். திரும்பினார். என்னைப் பார்த்தார். யாரோ என்று பார்க்கவில்லை, சாமி மேல் சத்தியமாக, என்னைப் பார்த்தார், உடனே திட்டினார். சத்தம் கேட்கவில்லை, ஆனால் அந்த வாய் போகிற போக்கு எனக்குத் தெரியாதா, "ஏண்டி வந்த, யாருடி உன்னை வரச் சொன்னது." நானும் திட்டினேன், அழுதுகொண்டே திட்டினேன், "எறங்குங்க, கதவைத் தொறங்க." பொத்தானை அமுக்கிப் பார்த்தார். திறக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே கண்ணாடி அவர் மூச்சில் மங்கிற்று. இப்போது இவர் அங்கே போவார், நான் இல்லை என்று திரும்புவார், நான் அங்கே போவேன், அவர் இங்கே வருவார், இப்படியே குறுக்கும் நெடுக்கும், அதற்குள் அவர் தலையில் இருக்கிற இந்த வெளிச்சம் எந்த ஸ்டேஷனில் அணையுமோ. இன்னும் ஐந்து நிமிஷம் தாங்குமா, பத்து தாங்குமா? அவருக்கும் அது தெரிந்தது. முகத்தில் அந்த முளை பிடுங்கின பயம் வந்தது, ரேஷன் பையோடு நின்ற அன்றைக்கு வந்த அதே பயம், தன்னைத் தெரிந்துகொண்ட பயம். ஒரு நொடி கண்ணை மூடினார். வண்டி அசைந்தது. நான் கூடவே நடக்கிறேன், ஒரு காலில் செருப்பில்லாமல். அவர் விரலை நீட்டி வண்டி போகிற திசையைக் காட்டினார், அந்த ஆரஞ்சுச் சுவர் இருக்கிற பக்கத்தை. பிறகு அதே விரலால் தன் நெஞ்சைத் தொட்டார், அங்கே நிற்கப்போவது இனி அவர், தேடி வர வேண்டியது நான். பிறகு, சுற்றிலும் சீட்டெல்லாம் காலியாகக் கிடக்க, கோட்டு போட்ட ஜனங்கள் எட்டிப் பார்க்க, நான் நன்றாகப் பார்க்கவேண்டும் என்று கண்ணாடிக் கதவுக்கு நேராக, வெறும் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.